வராமல் போன நஷ்டத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

திட்ட அறிக்கைகளில் வரும் கணக்குகளைச் சரிபார்ப்பதுதான் என் பிழைப்பு. சாலையோ பாலமோ குடிநீர்க் குழாயோ, எதுவானாலும் கடைசியில் என் மேஜைக்கு ஒரு எக்செல் தாளாகத்தான் வந்து சேரும். கொஞ்ச காலத்துக்கு முன்பு மழைநீர் வடிகாலை அகலப்படுத்தி, அதை ஒட்டிய தாழ்வான நிலத்தில் வெள்ளத்தைத் தேக்கக் குளங்கள் வெட்டும் திட்டம் ஒன்று விவாதத்துக்கு வந்தது. பொறியாளர் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கி முடித்தார். நிதிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த அதிகாரி, "எல்லாம் சரி தம்பி, இதுல வருமானம் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். "வருமானம்னு எதுவும் வராது சார். வெள்ளம் வந்தா ஆகுற நஷ்டம் குறையும்." "சரி, வராமப் போன நஷ்டத்தை நான் எந்தக் கணக்குல வரவு வைக்கிறது?" அந்தக் கேள்விக்கு அறையில் யாரும் வாய் திறக்கவில்லை. திட்டம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்ற அடுக்குக்குப் போய்விட்டது.

அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டது நேர்மையான கேள்வி. அவர் கையில் இருக்கும் வரவு செலவுப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் கிடையாது என்பது உண்மை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. காலநிலை மாற்றத்துக்கு ஏற்பத் தயாராவதும் (இதைத்தான் தகவமைப்பு என்கிறார்கள்) தண்ணீரை ஒழுங்காக நிர்வகிப்பதும் நல்லது என்று எல்லாரும் மேடையில் பேசுகிறார்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று சொல்லாத ஆள் இல்லை. அணைக்கான பணத்தை யார் போடுவது என்று கேட்டால் மட்டும் பேச்சு நின்றுவிடுகிறது. இது லாபம் தரும் காரியம் என்றால் ஏன் நடப்பதில்லை? நடப்பதில்லை என்றால் லாபம் என்று சொல்வதே பொய்யா? இதைத்தான் கொஞ்ச நாளாக மண்டைக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு புதிதல்ல

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கணக்குப் போடத் தெரியாததால் நாம் தடுமாறவில்லை. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் பொங்கி நெதர்லாந்தின் கரைகளை உடைத்து உள்ளே வந்தது. அந்த நாட்டில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அரசு ஒரு குழு அமைத்து, கரையை எவ்வளவு உயர்த்தலாம் என்று பொறியாளர்களோடு கணிதவியலாளர்களையும் கேட்டது. டேவிட் வான் டான்சிக் 1956இல் அதற்கான விடையை வெளியிட்டார். கரையை உயர்த்த உயர்த்தச் செலவு கூடும், அதே நேரம் வெள்ளத்தால் ஆண்டுக்குச் சராசரியாக எதிர்பார்க்க வேண்டிய இழப்பு குறையும். இரண்டையும் கூட்டினால் எந்த உயரத்தில் மொத்தம் மிகக் குறைவாக வருகிறதோ அங்கே நிறுத்து. அவ்வளவுதான். அதாவது 'வராமல் போகும் நஷ்டம்' என்பதை ஒரு எண்ணாக எழுதி, சிமென்ட் செலவுக்குப் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்க்கும் வித்தை ஏறக்குறைய 70 ஆண்டுப் பழையது.

அதற்குப் பிறகு வந்த எண்களுக்கும் குறைவில்லை. அமெரிக்காவின் தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் 2019இல் முடித்த ஆய்வில், பேரிடர் வருமுன் பாதிப்பைக் குறைக்க ஒன்றிய அரசு கொடுத்த மானியத்தில் ஒவ்வொரு டாலருக்கும் 6 டாலர் இழப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார்கள். அதே ஆண்டு உலகத் தகவமைப்பு ஆணையம் இன்னொரு கணக்கைச் சொன்னது: முன்னெச்சரிக்கை அமைப்பு, உறுதியான கட்டமைப்பு, வறண்ட நிலச் சாகுபடி, அலையாத்திக் காடு, நீர்வளம் ஆகிய ஐந்திலும் 2020 முதல் 2030 வரை 1.8 டிரில்லியன் டாலர் போட்டால் 7.1 டிரில்லியன் டாலர் நிகரப் பயன் வரும். இந்த எண்களைப் பார்த்து நான் உடனே கைதட்ட மாட்டேன். எந்த ஆய்வும் சில அனுமானங்களின் மேல்தான் நிற்கிறது, அனுமானத்தை மாற்றினால் எண்ணும் மாறும். ஆனால் 6 என்பது 3 ஆகக் குறைந்தாலும்கூட, போட்ட பணத்தைப் போல் மூன்று மடங்கு திரும்பக் கொடுக்கும் வேறு வேலை ஒரு அரசிடம் எத்தனை இருக்கிறது?

நடக்காததற்கு யார் ஓட்டுப் போடுவார்கள்

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரக் கரைகளை உடைத்தது. அதற்குப் பிறகு அந்த நகரைச் சுற்றி 14 பில்லியன் டாலருக்கு மேல் செலவழித்துக் கரைகளையும் மதகுகளையும் பம்புகளையும் புதிதாகக் கட்டினார்கள். சரியாக 16 ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்ட் 29 அன்று, ஐடா புயல் வந்தது. புதிய கரைகள் தாங்கி நின்றன. அதற்கடுத்த நாட்களில் செய்தியெல்லாம் மின்சாரம் போனதைப் பற்றித்தான், மக்கள் பட்ட பாடும் அதுதான் என்பதால் அதில் தப்பில்லை. ஆனால் தண்ணீர் உள்ளே வரவில்லை என்பது ஒரு வரியோடு முடிந்துபோனது. முழுகாமல் இருந்த வீடுகளைப் படமெடுக்க யாரும் போக மாட்டார்கள்.

இது வெறும் மனக்குறை இல்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேர்தல் முடிவுகளையும் பேரிடர்ச் செலவுகளையும் பொருத்திப் பார்த்து 2009இல் எழுதினார்கள். பேரிடருக்குப் பிறகு நிவாரணம் கொடுக்கும் அரசுக்கு வாக்காளர்கள் ஓட்டுப் போடுகிறார்கள், பேரிடருக்கு முன்பு தயாரிப்புக்குச் செலவழிக்கும் அரசுக்கு ஓட்டு கூடுவதில்லை. ஆனால் தயாரிப்பில் போடும் 1 டாலர் பின்னால் வரும் சேதத்தில் ஏறக்குறைய 15 டாலரைக் குறைக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வந்த வருத்தம் வேறு வகை. அரசியல்வாதிகள் தொலைநோக்கு இல்லாதவர்கள் என்று நாம் திட்டுகிறோம். அவர்களுக்கு முன்னால் இருக்கும் கணக்குப்படி அவர்கள் சரியாகத்தான் நடந்துகொள்கிறார்கள். நிவாரணப் பொட்டலம் கண்ணுக்குத் தெரியும், அதை வாங்கியவர் யாரென்று தெரியும். தூர்வாரிய வடிகாலால் யாருடைய வீடு தப்பியது என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளத்தில் போன பாலத்தைத் திரும்பக் கட்டினால் அந்தச் செலவு ஜிடிபியில் உற்பத்தியாகப் பதிவாகிறது. பாலம் போகாமல் நின்றால் எதுவும் பதிவாவதில்லை. நாட்டின் பெரிய கணக்குப் புத்தகத்திலும் அந்தக் கட்டம் இல்லை என்றுதான் அர்த்தம்.

ஒரு சின்ன கட்டம்

எனக்குத் திருப்பம் வந்தது அந்தத் தள்ளிப்போட்ட வடிகால் திட்டத்தின் தாளைத் திரும்பத் திறந்தபோதுதான். பொறியாளர் உண்மையில் வராமல் போகும் நஷ்டத்தைக் கணக்கிட்டுத்தான் வைத்திருந்தார். 10 ஆண்டுக்கு ஒரு முறை வரும் மழை, 25 ஆண்டுக்கு ஒரு முறை, 100 ஆண்டுக்கு ஒரு முறை என்று ஒவ்வொன்றுக்கும் நீர்மட்டம், முழுகும் கட்டடங்கள், நிற்கும் வேலை நாட்கள், எல்லாம் தனித்தனித் தாள்களில். எல்லாவற்றையும் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டி, ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு எண்ணுக்குக் கொண்டுவந்திருந்தார். அருமையான வேலை. ஆனாலும் கடைசி வரியில் திட்டம் நஷ்டம் என்றே வந்திருந்தது. எங்கே இடறுகிறது என்று சூத்திரங்களைப் பின்னால் இருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போனேன். எல்லாம் ஒரு ஓரத்தில் இருந்த கட்டத்தில் போய் முடிந்தது. தள்ளுபடி வீதம், அதாவது பின்னால் வரும் பயனை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர ஆண்டுக்கு எவ்வளவு குறைப்பது என்ற எண்: 12 சதவீதம். அதை ஏன் 12 என்று போட்டார் என்று கேட்டால் பதில் எளிது. முந்தைய அறிக்கையில் 12 இருந்தது, அதற்கு முந்தையதிலும் இருந்தது. வளர்ச்சி வங்கிகள் நெடுங்காலம் 10, 12 என்றுதான் போட்டுக்கொண்டிருந்தன. ஆசிய வளர்ச்சி வங்கி 2017இல்தான் 12ஐ 9 ஆகவும், சமூக, சுற்றுச்சூழல் திட்டங்கள் சிலவற்றுக்கு 6 ஆகவும் இறக்கியது.

இதில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு உருண்டைக் கணக்கு. ஒரு திட்டத்துக்கு இன்று 100 செலவு. அது 50 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்குச் சராசரியாக 8 நஷ்டத்தைத் தடுக்கிறது. 12 சதவீதம் போட்டால் அந்த 50 ஆண்டுப் பயனின் இன்றைய மதிப்பு 66. திட்டம் குப்பைத் தொட்டிக்கு. 7 சதவீதம் போட்டால் 110, தப்பிப் பிழைக்கிறது. 4 சதவீதம் போட்டால் 172. சிமென்ட் அதே சிமென்ட், மழை அதே மழை, காப்பாற்றப்படும் வீடுகள் அதே வீடுகள். ஒரு கட்டத்தில் ஒரு எண் மட்டும் மாறுகிறது. நான் அந்தக் கட்டத்தில் 12ஐ அழித்துவிட்டு 4 என்று அடித்தேன். கடைசி வரியில் சிவப்பு எழுத்தில் இருந்த எண் கறுப்பானது. கொஞ்ச நேரம் அதையே முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த எண் சொல்வது இதுதான்: 50 ஆண்டு கழித்து ஒருவருக்கு வரும் 100 அளவு நஷ்டத்தை இன்று நீ எவ்வளவாக மதிக்கிறாய்? 10 சதவீதம் என்றால் அது இன்று 1கூட இல்லை, 0.85. 3 சதவீதம் என்றால் 23. காலநிலை மாற்றத்தின் பொருளாதாரம் பற்றி நிக்கோலஸ் ஸ்டெர்ன் எழுதிய 2006 அறிக்கை பயன்படுத்திய 1.4 சதவீதம் என்றால் 50. பொருளாதார அறிஞர்கள் இதில் பல ஆண்டுகளாக முட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டெர்ன் போட்டது மிகக் குறைவு என்று வில்லியம் நோர்ட்ஹவுஸ் போன்ற பொருளாதார அறிஞர்கள் சொன்னதற்கு வலுவான காரணங்கள் உண்டு, போட்ட பணத்துக்கு வேறிடத்தில் கிடைக்கும் வருவாயை மறந்துவிட முடியாது. எனக்கு அவர்களில் யார் சரி என்பதைவிட முக்கியமாகப் பட்டது வேறு. பிரிட்டன் தன் அரசுத் திட்டங்களுக்கு 3.5 சதவீதம், 30 ஆண்டுக்குப் பிறகு அதையும் குறைத்துக்கொள் என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. அதை எதிர்த்து வாதாடலாம், ஏன் என்று கேட்கலாம். நான் பார்த்த தாளில் அப்படியொரு முடிவை யாருமே யோசித்து எடுக்கவில்லை. பழைய கோப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தார்கள். தலைமுறைகளுக்கு இடையிலான ஒரு நியாயப் பிரச்சினை அந்தக் கட்டத்துக்குள் சத்தமில்லாமல் முடிந்துபோயிருந்தது.

காலநிலை மாற்றம் இந்தக் கணக்கை இன்னும் ஒரு வழியில் புரட்டுகிறது. காற்று 1 டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்துவைக்க முடியும், அதனால் கொட்டும்போது பேய்மழையாகக் கொட்டுகிறது. 100 ஆண்டுக்கு ஒரு முறை என்று பழைய பதிவேடு சொல்லும் மழை இனி அதே இடைவெளியில் வராது. பழைய இடைவெளியையே நம்பினாலும், 30 ஆண்டில் ஒரு முறையாவது அது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அப்படியென்றால் ஆண்டுக்கு 8 என்று நிலையாகப் போட்ட எண் ஆண்டுதோறும் வளரும் எண்ணாக இருக்க வேண்டும். பயன் ஆண்டுக்கு 2 சதவீதம் வளர்ந்தால், அது தள்ளுபடி வீதத்தை ஏறக்குறைய 2 குறைத்ததற்குச் சமம். அந்தத் தாளில் இந்த வளர்ச்சி பூஜ்யமாக இருந்தது. மாறாத மழைக்காக ஒரு திட்டத்தை மதிப்பிட்டு, மாறிவிட்ட மழையில் மக்களை விட்டுவிடுகிறோம்.

தண்ணீர் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் வேறு

வெள்ளத்தில் பயன் என்றோ ஒருநாள் வரும். தண்ணீர் வழங்கலில் அது ஒவ்வொரு இரவும் வந்துகொண்டிருக்கிறது. கசிவு பார்க்கும் ஊழியர்கள் வேலை செய்வது அதிகாலை 2 மணி முதல் 4 மணிக்குள். அப்போது யாரும் குளிப்பதில்லை, துவைப்பதில்லை. ஒரு பகுதிக்குள் போகும் குழாயின் மீட்டர் அந்த நேரத்திலும் சுற்றிக்கொண்டிருந்தால், அதில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும் தண்ணீர். வால்வுகளை ஒவ்வொன்றாக அடைத்து, எந்தத் தெருவில் ஓட்டம் விழுகிறது என்று பார்த்து, ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய்மேல் வைத்து மறுமுனையைக் காதில் ஒட்டிக் கேட்பார்கள். கசிவு சீறும் சத்தம் பழகிய காதுக்குத் தனியாகக் கேட்கும். உலகம் முழுக்க இப்படிக் கசிந்தும், திருட்டுப் போயும், மீட்டர் தப்பாக ஓடியும் வருமானம் இல்லாமல் போகும் தண்ணீர் ஆண்டுக்கு 126 பில்லியன் கன மீட்டர், அதன் மதிப்பு 39 பில்லியன் டாலர் என்று 2019இல் ஒரு மதிப்பீடு வந்தது.

கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில் 1993இல் உற்பத்தியான தண்ணீரில் 72 சதவீதம் இப்படிப் போய்க்கொண்டிருந்தது. நகரக் குடிநீர் நிறுவனத்துக்கு எக் சோன் சான் தலைமையில் வந்த குழு பழைய குழாய்களை மாற்றியது, எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தது, பில் கட்டாத பெரிய மனிதர்களின் இணைப்பையும் வெட்டியது, ஏழை வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் வாங்கிக்கொண்டது. 2010 வாக்கில் இழப்பு ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. நாள் முழுவதும் தண்ணீர், நிறுவனத்துக்கு லாபம். இந்தத் திட்டத்துக்கு நிதி அதிகாரிகள் "வருமானம் எவ்வளவு" என்று கேட்டால் பதில் இருக்கிறது. அதனால்தான் தகவமைப்பைப் பற்றிப் பேசுபவர்கள் கசிவிலிருந்து பேச்சைத் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கடல் சுவர் கட்டுவதற்கு முன் குழாய் மூட்டைச் சரிசெய்ய வேண்டும்.

ஆனால் இங்கேயும் எல்லாம் நேர்கோட்டில் போவதில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகர மக்கள் 2015இல் நாளுக்குச் சுமார் 1,200 மில்லியன் லிட்டர் பயன்படுத்தினார்கள். 2018 வறட்சியில் அதை ஏறக்குறைய 500க்கு இறக்கிக் குழாய்கள் வறண்டுபோகாமல் தடுத்தார்கள். அபாரமான காரியம். அதோடு மாநகராட்சியின் தண்ணீர் வருமானமும் சரிந்தது, ஏனென்றால் குழாயைப் பராமரிக்கும் செலவு விற்ற லிட்டரை நம்பியிருந்தது. பிறகு இணைப்புக்கென்று ஒரு நிலைக்கட்டணம் கொண்டுவர வேண்டியதாயிற்று, அதற்கு மக்கள் கோபப்பட்டார்கள். சிக்கனமாக இருந்ததற்குத் தண்டனையா என்ற அவர்களின் கேள்வி எனக்குப் புரிகிறது. விவசாயத்திலும் இப்படி ஒரு முடிச்சு உண்டு. உலகில் எடுக்கப்படும் நன்னீரில் ஏறக்குறைய 70 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது என்பதால் சொட்டுநீருக்கு மானியம் கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று பலர் நம்புகிறார்கள். வயலில் 'வீணான' தண்ணீரில் ஒரு பங்கு நிலத்துக்குள் இறங்கி யாரோ ஒருவருடைய கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. சொட்டுநீர் போட்டவர் மிச்சமான தண்ணீரில் இன்னொரு வயலையும் நனைத்தால், அவருக்கு மகசூல் கூடும், கிணறு வற்றும். குவென்டின் கிராஃப்டனும் சக ஆய்வாளர்களும் 2018இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்ற உச்சவரம்பும் அளவீடும் இல்லாமல் கொடுக்கும் மானியம், தண்ணீர் கணக்கில் வரவாக நிற்காது.

யாருடைய நஷ்டம் பெரியது

செலவு–பயன் கணக்கை இவ்வளவு தூக்கிப் பேசிவிட்டு அதில் எனக்கு உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. தடுக்கப்படும் இழப்பைச் சொத்து மதிப்பால் அளந்தால், மாளிகை இருக்கும் தெருவுக்குத்தான் எப்போதும் சுவர் கிடைக்கும். தகரக் கூரை வீடு மூழ்கினால் கணக்கில் இழப்பு சில ஆயிரம்தான், ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு அது முழு வாழ்க்கை. உலக வங்கியில் ஸ்டெஃபான் ஹாலகேட்டும் சகாக்களும் 2017இல் இதையே திருப்பிக் கணக்கிட்டார்கள். சொத்தை விட்டுவிட்டு மக்களின் நல்வாழ்வு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், இயற்கைப் பேரிடர்களின் இழப்பு ஆண்டுக்கு 520 பில்லியன் டாலர் நுகர்வுக்குச் சமம், ஆண்டுதோறும் 2.6 கோடிப் பேர் வறுமைக்குள் தள்ளப்படுகிறார்கள்.

நெதர்லாந்து இதற்கு ஒரு வழி கண்டது. 2017 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, கரைக்குப் பின்னால் வாழும் எவருக்கும் வெள்ளத்தில் இறக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 1,00,000இல் 1ஐத் தாண்டக் கூடாது, இதை 2050க்குள் எட்ட வேண்டும். இது எல்லாருக்கும் பொதுவான தரைமட்டம். அதற்கு மேல் எங்கே இன்னும் உயர்த்துவது என்பதைத்தான் பணக்கணக்கு முடிவு செய்கிறது. அதற்கான பணமும் ஆண்டுதோறும் யாரையும் கெஞ்ச வேண்டாதபடி சட்டத்தால் காக்கப்பட்ட தனி நிதியில் வருகிறது.

பணக்கார நாடு, முடியும் என்பார்கள். வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 போலாப் புயலில் அங்கே இறந்தவர்கள் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை. 2020இல் ஆம்பன் வந்தபோது 24 லட்சம் பேரை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்கு நகர்த்தினார்கள், இறந்தவர்கள் 30ஐத் தாண்டவில்லை. 70,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், ஒலிபெருக்கி, மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாக நடக்கும் புகலிடம், இவ்வளவுதான் கருவி. உயிரைக் காக்க அவர்களால் முடிந்திருக்கிறது. வீட்டையும் வயலையும் காக்கத்தான் பெரிய முதல் வேண்டும்.

அங்கேதான் தள்ளுபடி வீதம் மறுபடி வந்து நிற்கிறது. கடன் வாங்கிக் கட்டினால், திட்டத்தின் பயனைக் கடனுக்கான வட்டி வீதத்தில் தள்ளுபடி செய்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. பணக்கார நாடு 3 சதவீதத்தில் கடன் வாங்கினால் ஏழை நாடு அதே கடனுக்கு 10, 12 கொடுக்கிறது. அதனால் ஒரே கரை ஒரு டெல்டாவில் லாபம், இன்னொரு டெல்டாவில் நஷ்டம். பின்னதில்தான் புயல் அதிகம், மக்களும் அதிகம். வளரும் நாடுகளுக்குத் தகவமைப்புக்காக இந்தப் பத்தாண்டில் ஆண்டுக்கு 215 முதல் 387 பில்லியன் டாலர் தேவை என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு. 2022இல் அந்த நாடுகளுக்கு வெளிநாடுகளின் பொது நிதியாக வந்தது 28 பில்லியன், அதிலும் கணிசமான பங்கு கடன். தகவமைப்புக்கு மானியம் கேட்பதைப் பிச்சை போலப் பேசுபவர்களுக்கு என் பதில் இதுதான். அந்த மானியம் 12ஐ 4 ஆக்குகிறது, 66ஐ 172 ஆக்குகிறது. காலநிலையைக் கெடுத்ததில் பெரும் பங்குள்ள நாடுகள் கொடுக்க வேண்டிய தொகை அந்த இரண்டு வட்டிகளுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், அதைப் பேச்சுவார்த்தை மேஜையில் அப்படியே எண்ணாக வைத்துக் கேட்க வேண்டும்.